மூடி கழன்றிருந்த நேரம்

1859 ஜனவரி மாதத்தின் கடைசி வாரத்தில், மேல் எகிப்தில் எஸ்னாவுக்குத் தெற்கே, கோம் துவைர் என்ற ஊரின் கரையில் ஒரு பாய்மரப் படகு வந்து நின்றது. அதில் எத்தியேன் வொக்லேர் என்ற பிரெஞ்சுக்காரரும், அவருடைய மொழிபெயர்ப்பாளரான பெய்ரூத்துக்காரர் ஜிர்ஜிஸும், மாலுமிகளும், மெழுகுத் தாளும் மருந்துக் குப்பிகளும் அடைத்த பெட்டிகளும் இருந்தன.

படகைக் கண்டதும் ஊர் வழக்கமாகச் செய்வதைச் செய்தது. கோயில் வாசல் கோபுரத்தின் உச்சியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஸக்கிய்யா, "மர்ஜானா, ஏ மர்ஜானா" என்று ஆட்டைக் கூப்பிட்டாள். அந்தப் பெயரில் ஊரில் ஆடு எதுவும் கிடையாது. அடுப்புகள் அணைந்தன. உண்மையான ஆடுகள் உள்ளே இழுக்கப்பட்டன. ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக ரஸ்லானின் வைக்கோல் அறைக்குள் இறங்கினார்கள். ஆற்றிலிருந்து பார்த்த வொக்லேருக்கு ஒரு மண்மேடும், அதிலிருந்து கழுத்து மட்டும் நீட்டிய தூண்களும், தூண்கள் தாங்கிய கூரைக் கற்களின் மேலே சில மண் வீடுகளும் புறாக்கூண்டுகளும் தெரிந்தன. ஆள் யாரும் தெரியவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது என்று ஜிர்ஜிஸ் பின்னால் சொன்னார்.

கோம் துவைர் ஒரு பழைய கோயிலின் கூரைமேல் இருந்தது. மணலும் சாம்பலும் இடிந்த வீடுகளின் மண்ணும் சேர்ந்து சேர்ந்து கோயிலைக் கூரைவரை மூடிவிட்டிருந்தன. கூரைக் கற்களே ஊரின் தெரு. அவற்றில் விழுந்திருந்த ஓட்டைகள் குப்பை கொட்டப் பயன்பட்டன. கொள்ளைநோய் வந்துபோன வருடத்திலிருந்து, அந்த மேட்டில் குடியே இல்லை, எல்லோரும் போய்விட்டார்கள் என்று ஊர்த்தலைவர்கள் மேலிடத்துக்குச் சொல்லிவந்தார்கள். குடி இல்லாத ஊரில் வரி வாங்க முடியாது, பாஷாவின் படைக்கு ஆளும் பிடிக்க முடியாது. விசாரிக்க யாராவது வந்தால் ஊர் காலியாக இருந்து காட்டியது.

ஆனாலும் ஆள் பிடிப்பவர்கள் நம்புவதை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். போன குளிர்காலத்தில் சிவப்புக் கொடி கட்டிய படகு ஒன்று ஆற்றில் மெதுவாக வந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கழுதைகளில் வந்த சிப்பாய்கள் பின்பக்கம் பாலைவனத்திலிருந்து ஏறிவிட்டார்கள். வைக்கோல் அறையை எட்டியவர்கள் தப்பினார்கள். எட்டாதவர்களின் வீடுகளுக்கு இன்னும் கடிதம்கூட வரவில்லை. இந்த வருடம் அவர்கள் எஸ்னாவரை வந்துவிட்டதாகச் சந்தைக்குப் போனவர்கள் சொன்னார்கள். அதனால் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கதவு ஆடினாலும் ஆண்கள் எழுந்து நின்றார்கள்.

வைக்கோல் அறை ரஸ்லானின் வீட்டுக்குக் கீழே இருந்தது. கோயிலின் ஓர் அறை அது. கூரையின் ஒரு பாதி இடிந்திருந்ததால் பகலில் வெயில் உள்ளே விழும். அதன் ஒரு சுவரில், தரையோடு தரையாக, ஒரு கல்லை உள்பக்கம் தள்ளினால் ஆள் தவழ்ந்து போகும் பொந்து ஒன்று திறக்கும். கோயிலைக் கட்டியவர்கள் சாமியின் நகைகளை ஒளித்துவைக்க அமைத்தது என்று சொல்வார்கள். பொந்தின் முன்னால் வைக்கோலை மலையாகக் குவித்துவிட்டால் எந்தச் சிப்பாயும் கண்டுபிடிக்க மாட்டான்.

ரஸ்லானுக்கு முப்பது வயது இருக்கும். ஏற்றம் இறைப்பவன். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவன். சாப்பிடும்போதும் கையில் ரொட்டியோடு கூரையில் நடப்பான். அவன் மனைவி வஹீபா அவனுடைய சித்தப்பா மகள்; அந்த ஊரில் அதுதான் கட்டும் முறை. கல்யாணத்துக்கு முன்பு கூப்பிட்டதுபோலவே இன்னும் அவனைப் பெரியப்பா மகனே என்றுதான் கூப்பிடுவாள். தொழுகையில்கூட இவன் கால் மாற்றி மாற்றித்தான் நிற்பான், இமாம் இவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார் என்று கிணற்றடியில் சொல்லிச் சிரிப்பாள்.

படகு படைக்காரர்களுடையது அல்ல என்று தெரிந்ததும் முதலில் இறங்கிப் போனவன் ரஸ்லான்தான். ஜிர்ஜிஸ் கரையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்ன செய்தியோடு ரஸ்லான் மேடேறி ஓடிவந்தான். அன்று மாலை ஊர்த்தலைவர் ஷேக் தர்தீரியின் முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள்.

செய்தி இதுதான். கவாஜா, அதாவது படகில் வந்த வெள்ளைக்காரர், எடுக்கிற படங்கள் கெய்ரோவுக்குப் போகின்றன. பழைய கோயில்களைத் தோண்டி வெளியே எடுக்க அங்கே ஏற்பாடு நடக்கிறது. குடியிருக்கும் கோயில் என்றால் குடிகளுக்குக் கீழே, வாய்க்கால் பக்கம், மனை அளந்து கொடுத்துவிட்டுத் தோண்டுவார்கள். பாழடைந்து கிடக்கிறது என்றால் நேரே கூடையும் மண்வெட்டியுமாக வந்துவிடுவார்கள். எது எப்படி என்று படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஷேக் தர்தீரி பருத்த மனிதர். ஊரிலேயே பெரிய வீடு அவருடையது. கெய்ரோவுக்குப் போய் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாமே என்று யாரோ கேட்டார்கள்.

"யாரு போய்ச் சொல்றது?" என்றார் தர்தீரி. "எங்க அப்பா இல்லேன்னு எழுதிக் கொடுத்தார். நானும் இல்லேன்னு எழுதிக் கொடுத்தேன். இப்ப நான் போய் நின்னா, நீ யாருடா, செத்துப் போனவன்தானேன்னு கேப்பான்."

"அப்ப படத்துல இருப்போம்" என்றான் ரஸ்லான். அவன் முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். "படத்துல பேரு இருக்காது, ஷேக். யாரு மவன், எந்த வயசுன்னு அதுல எழுதாது. ஆனா குடி இருக்குதுன்னு தெரியும்."

இதுவரை அந்த ஊர் யாருக்கும் தன்னைக் காட்டியதில்லை. பேச்சு நெடுநேரம் நீண்டது. கடைசியில் காட்டுவது என்று முடிவானது. எப்படிக் காட்டுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சும்மா நின்றால் வழிப்போக்கர்கள் என்று நினைத்துவிடுவார்கள். வேலை செய்ய வேண்டும். வேலை நடக்கிற இடம்தான் ஊர்.

மறுநாள் காலை வொக்லேர் மேட்டுக்கு எதிரே முக்காலியை நிறுத்தி அதன்மேல் படம் பிடிக்கும் பெட்டியை வைத்தார். ஊர் மொத்தமும் கூரையில் வேலையில் இறங்கியது. பெண்கள் சாணத்தைத் தட்டிச் சுவரில் அடித்தார்கள். சோளம் இடித்தார்கள். ஆட்டுத்தோல் பையைக் கட்டித் தொங்கவிட்டு மோர் கடைந்தார்கள். ஆண்கள் கயிறு திரித்தார்கள், கழுதைகளை ஓட்டினார்கள். ஷேக் தர்தீரி கைத்தடியோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து யாரையோ அதட்டிக்கொண்டே இருந்தார். ரஸ்லான் ஒரே கரும்புச் சோகைக் கட்டைத் தலையில் வைத்து ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். கீழே தூண் ஒன்றின் அருகே, கோயிலின் உயரம் தெரிவதற்காக, படகின் நூபியன் மாலுமி ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வொக்லேர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் கூரையைப் பார்த்தார். ஜிர்ஜிஸிடம் ஏதோ சொன்னார்.

"ரொம்ப நல்லா இருக்காம்" என்று ஜிர்ஜிஸ் மேலே பார்த்துக் கத்தினார். "இப்படியே ஓடிட்டு இருக்கச் சொல்றார்."

அன்று ஊரில் எல்லோருக்கும் திருப்தி. ஜாத் என்ற பக்கத்து வீட்டுக்காரன், தர்தீரியை இத்தனை வருடத்தில் வேலை செய்து இன்றுதான் பார்த்தேன், அதுவும் பெட்டிக்குள் போய்விட்டது என்றான்.

ரஸ்லானுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. படத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் பிற்பகல், ஒரு கூடை முட்டையை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனான். வொக்லேர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜிர்ஜிஸ் அவனை உள்ளே கூட்டிப்போய், படம் பதிந்து, கழுவிக் காயவைத்திருந்த மெழுகுத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வானம் கருப்பாகவும் நிழல்கள் வெள்ளையாகவும் இருந்தன. அதற்குக் கண் பழகக் கொஞ்சம் நேரமானது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தூண்கள். புறாக்கூண்டு. அவன் வீட்டு வாசல். வாசலுக்கு மேலே வஹீபா ஒட்டியிருந்த சாண வறட்டிகூட வட்டமாகத் தெரிந்தது. கீழே, தூணருகே, நூபியன் கைகட்டி நின்றான்.

வேறு யாரும் இல்லை. கூரை காலியாக இருந்தது.

ரஸ்லான் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்திலும் யாரும் இல்லை.

"எங்க எல்லாரும்?"

"மூடியைக் கழட்டினா பெட்டி மெள்ள மெள்ளத்தான் பாக்கும்" என்றார் ஜிர்ஜிஸ். "நிக்கிறது விழும். நடக்கிறது விழாது. நீங்க ஒரு நிமிஷம் நின்னீங்களா?"

"இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? மத்த ஊர்ல எல்லாம் ஆளுங்களைத் தள்ளி நில்லுங்கன்னு கெஞ்சுவார். அவருக்குக் கல்லு போதும். இங்க நீங்களாவே ஓடிக் கொடுத்தீங்க. நேத்து ராத்திரி எவ்வளவு சந்தோஷமா சாப்பிட்டார் தெரியுமா."

ரஸ்லான் படகின் தளத்தில் நடந்தான். அது நடக்கப் போதாத இடம். திரும்பித் திரும்பி நடந்தான். இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றான். காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டது, நாளை பாய் விரிக்கிறோம், கவாஜா ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார் ஜிர்ஜிஸ். அவருக்கு என்ன வேண்டும் என்று ரஸ்லான் கேட்டான். கேட்கும்போதே அவனுக்குத் தெரியும். வந்த அன்றே வொக்லேர் வைக்கோல் அறையை எட்டிப் பார்த்திருந்தார். சுவரில் பழைய அரசன் ஒருவனின் தலையும் கிரீடமும் வைக்கோலுக்கு மேலே தெரிந்தன. உடம்பு உள்ளே இருந்தது. அதைப் படம் எடுக்க வேண்டும், வைக்கோலை அகற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரஸ்லான் முடியாது என்று சொல்லியிருந்தான்.

"வைக்கோலை வெளிய போட்டுத் தர்றேன்னு சொல்லுங்க" என்றான். "அந்தச் சுவரை எடுத்துக்கட்டும். எடுத்து முடிச்சதும் நாங்க எல்லாரும் கூரையில நிப்போம். அசையாம. அதையும் எடுக்கணும். கெய்ரோவுக்குப் போகணும்."

வொக்லேர் எழுந்ததும் அதற்குச் சம்மதித்தார். அவர் முகம் மலர்ந்ததாக ரஸ்லானுக்குத் தோன்றியது.

ஊரில் அன்று மாலை நடந்தது சண்டை. தாங்கள் படத்தில் இல்லை என்பதைப் பலர் நம்பவில்லை. ரஸ்லான் கவாஜாவிடம் ஏதோ வாங்கிக்கொண்டான் என்று ஒருவன் சொன்னான். வைக்கோலை அகற்றப்போகிறான் என்றதும் சத்தம் இன்னும் கூடியது.

"வைக்கோல் போச்சுன்னா பொந்து தெரியும்" என்றான் ஜாத். "பொந்து தெரிஞ்சா என் கழுத்து தெரியும். எஸ்னாவுல நிக்கிறானுங்கடா. இன்னிக்கா வைக்கோலைப் புரட்டுவே?"

"ஒரு காலை நேரம். மத்தியானம் திரும்பப் போட்டுருவோம்."

"உனக்கென்ன, பைத்தியக்காரன் மாதிரி நடந்துகிட்டே இருக்கே. உன்னைப் பிடிச்சா படையே உன் பின்னால நடந்து களைச்சுப் போகும்."

சிலர் சிரித்தார்கள். ரஸ்லான் சிரிக்கவில்லை. வீடு போன பிறகு எங்கே ஒளிவாய் என்று மட்டும் கேட்டான். கூடையோடு வருகிறவன் கூரையையும் எடுப்பான், அறையையும் எடுப்பான், பொந்தையும் எடுப்பான் என்றான். தர்தீரி தன் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சரி, ஒரு காலை நேரம் என்றார். கோபுரத்தில் ஸக்கிய்யாவும் இன்னொருத்தியும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

படுக்கப் போகுமுன் வஹீபா கேட்டாள். "பெரியப்பா மவனே, உன் மூக்குல ஈ உட்கார்ந்தா என்ன செய்வே?"

"உட்காரட்டும்."

"காது அரிச்சா?"

"நீ பக்கத்துல நிப்பேல்ல. என் கையைப் பிடிச்சுக்க."

"ஊரு பாக்க கையைப் பிடிக்கச் சொல்றியே, வெக்கமா இல்ல?"

"பெட்டிதானே பாக்குது" என்றான்.

மறுநாள் விடிந்ததும் ஆண்களும் பெண்களுமாக வைக்கோலை அள்ளி வெளியே, அறை வாசலில் குவித்தார்கள். அரசனின் உடம்பு முழுக்க வெளியே வந்தது. ஒரு கையில் தடியோடு, இன்னொரு கையில் யாருடைய தலைமுடியையோ பற்றிக்கொண்டிருந்தான். அவன் பாதத்துக்குக் கீழே பொந்தை அடைத்த கல் இருந்தது. வெயில் அறைக்குள் வரும்வரை வொக்லேர் காத்திருந்தார். வந்ததும் ஒன்றுக்கு இரண்டாகப் படம் எடுத்தார். அதற்குள் நேரம் போய்விட்டது. வைக்கோலைத் திரும்பப் போட்டுவிட்டு நிற்கலாம் என்று ஜாத் சொன்னான். படகுத் தலைவன் கீழேயிருந்து காற்றைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தான். இப்போதே நின்றால் எடுப்பேன், இல்லையென்றால் இல்லை என்று வொக்லேர் சொன்னதாக ஜிர்ஜிஸ் சொன்னார்.

எல்லோரும் கூரைக்கு ஓடினார்கள். அவரவர் வீட்டு வாசலில் அவரவர் நின்றார்கள். தர்தீரி தடியை முன்னால் ஊன்றி இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டார். ஜாத் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்தவன், அது நெளிந்ததால் மனைவியிடம் கொடுத்துவிட்டான். ரஸ்லான் தன் வாசலில் நின்றான். இடது பக்கம் வஹீபா. அவள் முக்காட்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

நான் கையைத் தூக்கினதும் நிக்கணும், கையை இறக்கினதும் போகலாம் என்று ஜிர்ஜிஸ் கீழேயிருந்து சொன்னார். வொக்லேர் மூடியைக் கழற்றினார். ஜிர்ஜிஸ் கையைத் தூக்கினார்.

கோம் துவைர் முதல்முறையாக அசையாமல் நின்றது. புறாக்கள் மட்டும் சுற்றின. ரஸ்லானுக்கு வலது கால் கட்டைவிரலில் தொடங்கிய அரிப்பு முழங்காலுக்கு ஏறியது. அவன் ஆற்றின் அக்கரையில் ஒரு பேரீச்சை மரத்தைப் பார்த்தபடி நின்றான்.

"மர்ஜானா" என்று கோபுரத்திலிருந்து குரல் வந்தது. "ஏ மர்ஜானா, மர்ஜானா."

ஆற்று வளைவில் சிவப்புக் கொடி கட்டிய படகு தெரிந்தது. அது இன்னும் தொலைவில் இருந்தது. முதலில் ஜாத் ஓடினான். பிறகு அவனுக்குப் பக்கத்து வாசல், அதற்கடுத்த வாசல். ஆண்கள் ஓட்டை வழியாகவும் சரிவு வழியாகவும் வைக்கோல் அறைக்குள் இறங்கினார்கள். பொந்தை மூட வெளியே குவித்த வைக்கோலை உள்ளே தள்ள வேண்டும். பெண்கள் குழந்தைகளைக் கீழே இறக்கிவிட்டுச் சரிவில் ஓடினார்கள். தர்தீரி தடியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

ஜிர்ஜிஸின் கை இன்னும் இறங்கவில்லை.

"போ" என்று வஹீபா முக்காட்டைக் கடித்த பற்களுக்கு இடையே சொன்னாள்.

"படகு இன்னும் தூரத்துல இருக்கு."

"போன வருஷமும் தூரத்துலதான் இருந்துச்சு."

"கையை இறக்கட்டும். நீ ஆடாதே."

அவன் மணிக்கட்டில் அவள் பிடி இறுகியது. வொக்லேர் தலை நிமிராமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கோல் அறையின் பக்கம் கல் உரசும் சத்தம் கேட்டது. பொந்து மூடிவிட்டது. பிறகு வைக்கோல் சரியும் சத்தம். பிறகு வேறொரு பக்கத்திலிருந்து கழுதைக் குளம்புகள் கேட்டன. ரஸ்லானுக்குக் கேட்டது. அவன் பேரீச்சை மரத்தையே பார்த்தான்.

ஜிர்ஜிஸ் கையை இறக்கினார். வொக்லேர் மூடியை மாட்டினார். ரஸ்லான் திரும்பினான். பாலைவனப் பக்கத்துச் சரிவின் உச்சியில் சிப்பாய்கள் நின்றிருந்தார்கள்.

அவர்களுடைய தலைவன் மீசை நரைத்தவன். அவசரப்படாதவன். அவன் கூரையைச் சுற்றிப் பார்த்தான். அறை வாசலில் பெண்கள் சிலர் வைக்கோலை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாட்டுத் தீனி வேலை என்பதால் அவன் கண் அங்கே நிற்கவில்லை. கூரையில் நின்றிருந்த ஒரே ஆணிடம் வந்தான்.

ஜிர்ஜிஸ் மூச்சிரைக்க மேடேறி வந்தார். படகில் வைத்து அவர் ரஸ்லானிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஏதாவது ஆனால் கவாஜாவின் வேலைக்காரன் என்று சொல்லிவிடுகிறேன், வெளிநாட்டுக்காரரின் ஆளை யாரும் தொடமாட்டார்கள் என்று. இப்போது அதையே சொன்னார்.

"இவன் எங்க படகு ஆளு, ஐயா. தூணு உயரம் தெரியறதுக்குக் கவாஜா நிறுத்திவைக்கிற ஆளு. கீழ அனுமதிக் கடிதம் இருக்கு, முத்திரையோட."

தலைவன் கீழே முக்காலியையும் வொக்லேரையும் பார்த்தான். வொக்லேர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

"சரி" என்றான் தலைவன். "படகு ஆளு. அப்ப இந்த வீடு யாரோடது?"

அவனே உள்ளே போய் அடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"அடுப்புச் சாம்பல் சூடா இருக்கு. வீட்டுக்காரன் எங்கியோ ஒளிஞ்சிருக்கான். இந்தம்மா வீட்டுக்காரிதானே?" சிப்பாய் ஒருவனைக் கூப்பிட்டான். "இவளைக் கூட்டிட்டுப் போ. எஸ்னாவுல உட்கார்ந்திருக்கட்டும். புருஷன் வந்து நின்னதும் விட்டுரலாம். வழக்கமா ரெண்டு மூணு நாள்ல வந்துருவானுங்க."

சிப்பாய் வஹீபாவின் தோளைத் தொடுவதற்கு முன்பு ரஸ்லான் ஓர் அடி முன்னால் வைத்தான்.

"வீடு என்னோடது" என்றான்.

ஜிர்ஜிஸ் அவன் முகத்தைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லு."

"என்னோடது. எங்க அப்பா கட்டுனது. இவ என் சித்தப்பா மவ."

தலைவன் தலையை ஆட்டினான். அவனுக்கு ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. கைவிலங்கு மரத்தாலானது. இரண்டு பலகைகளைச் சேர்த்து ஆணி அடிப்பார்கள். ஆணி அடிக்கும்போது ரஸ்லான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். வஹீபா உள்ளே போய் வெயிலில் உப்பவைத்துச் சுட்ட ரொட்டிகளை ஒரு துணியில் கட்டி வந்து அவன் கழுத்தில் மாட்டினாள்.

"விழுந்திருக்குமா?" என்று அவன் ஜிர்ஜிஸிடம் கேட்டான்.

"ரெண்டு பேரும் ஆடலை. விழுந்திருக்கும்."

"கீழ என்னன்னு எழுதுவீங்க?"

"குடியிருக்கும் வீடுன்னு எழுதுறேன்" என்றார் ஜிர்ஜிஸ்.

ரஸ்லானையும் பக்கத்து ஊர்களில் பிடித்தவர்களையும் ஒரே கயிற்றில் கோத்து ஆற்றங்கரைக்கு நடத்திப்போனார்கள். வஹீபா கோபுரத்தில் ஏறி, கொடி கட்டிய படகு வளைவில் மறையும்வரை பார்த்தாள். பொந்துக்குள் இருந்தவர்கள் மாலை வெளியே வந்தார்கள். ஜாத் அவள் வாசலுக்கு வந்து நின்றான். பிறகு திரும்பிப் போனான். வொக்லேரின் படகு பிற்பகலிலேயே பாய் விரித்துத் தெற்கே போயிருந்தது. ஜிர்ஜிஸ் ரஸ்லானுக்காக அஸ்வானில் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதில் வரவில்லை.

1860 மார்ச்சில் கெய்ரோவிலிருந்து அதிகாரி ஒருவர் கூடைக்காரர்களோடு கோம் துவைருக்கு வந்தார். அவரிடம் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் கூரை காலியாக இருந்தது. இன்னொன்றில் ஒரு வீட்டு வாசலில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நின்றார்கள். சுற்றிலும் மங்கலாகப் புகைபோலச் சில கறைகள் இருந்தன. அதிகாரி அவற்றைத் தாளின் பழுது என்று கருதினார். ஷேக் தர்தீரி முன்னால் வந்து, அவை நாங்கள்தான் என்றார். கோம் துவைரில் குடி இல்லை என்று அவரே முத்திரையிட்டுக் கொடுத்திருந்ததை அதிகாரி எடுத்துக் காட்டினார்.

குடியிருக்கும் வீடு ஒன்று என்று பதிவானது. அதற்கு வாய்க்கால் ஓரம் ஒரு மனை அளந்து, வஹீபாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மற்ற வீடுகள் கோடைக்குள் இடிக்கப்பட்டன. அவற்றில் இருந்தவர்களில் சிலர் எத்ஃபூவில் உறவுக்காரர்களிடம் போனார்கள். ஜாத் உட்பட மற்றவர்கள் மண் சுமக்கும் வேலையில் சேர்ந்து, வஹீபாவின் மனையின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். வைக்கோல் அறை துப்புரவாக்கப்பட்டது. பொந்தின் நீளமும் அகலமும் அளக்கப்பட்டு வரைபடத்தில் சேர்க்கப்பட்டன. ரஸ்லானின் படைப்பிரிவு அப்போது சூடானில் இருந்தது.